பட்டை நிப்பில் தமிழ் எழுத்து அடைபடுது, மை பரவுது: கையா, சாமானா?

மைதொட்டி:

வணக்கம். பொழுதுபோக்காகக் காலிகிராஃபி பழகிட்டு இருக்கேன். ஆங்கில இட்டாலிக் ஓரளவு கைக்கு வந்துடுச்சு. தமிழுக்கு வந்தா எல்லாம் குழம்புது. கையில இருக்கிற சாமான்: பைலட் பேரலல் 3.8 மி.மீ. பேனா (ரெண்டு தகடு சேர்ந்த பட்டை நிப், பெட்டியோட வந்த கருப்பு கார்ட்ரிட்ஜ்), நிக்கோ ஜி நிப் (மையில தொட்டு எழுதுற கூர்முனை நிப்), அதுக்கு ஒரு நேர் பிடி, ஒரு புட்டி இந்தியன் இங்க், டோம்போ ஃபுடெனோசுகே ஹார்ட் டிப் பிரஷ் பேனா. தாள் 8 மி.மீ. கோடு போட்ட நோட்டு, சில நேரம் பிரிண்டர் தாள்.

பட்டை பேனாவில் ண, ன, ஐ, இ எல்லாம் உள்ளே அடைஞ்சு கருப்புக் கட்டியா நிக்குது. அதே பேனாவில் ட, ப மட்டும் பார்க்கிற மாதிரி வருது. அதிலும் ஒரே எழுத்தை ரெண்டு தடவை எழுதினா கோட்டுத் தடிமன் வேற வேற.

மை, கோட்டு ஓரத்துல மயிர் மயிராப் பரவுது.

நிக்கோ ஜி புது நிப். மை அதுல ஒட்டாம உருண்டு நிக்குது, அப்புறம் பொத்துனு மொத்தமா இறங்குது. தடிச்ச கோடு இழுத்தா நடுவில வெள்ளை விட்டு ரெண்டு கோடாப் பிரியுது.

எழுதினதைப் படம் எடுத்துப் போட்டா தாள் சாம்பல் நிறமாத் தெரியுது, மேலே குறுகிக் கீழே அகலமா இருக்கு.

எதை முதல்ல மாத்தணும்? பேரலல்ல இந்தியன் இங்க் ஊத்தினா கருப்பு இன்னும் நல்லா வருமா?

கோந்துப்புட்டி:

மத்ததெல்லாம் அப்புறம். பேரலல்ல இந்தியன் இங்க் ஊத்தாதீங்க! அதுல ஷெல்லாக் மாதிரி பிசின் இருக்கும், காஞ்சா தண்ணியில கரையாது. ரெண்டு தகட்டுக்கு நடுவில போய் இறுகிடுச்சுன்னா பேனா முடிஞ்சது. அக்ரிலிக் மையும் அப்படித்தான். பவுண்டன் பேனாவுக்குன்னு எழுதியிருக்கிற சாய மை மட்டும் போடுங்க. ஏற்கனவே ஊத்தியிருந்தா இப்பவே கழட்டி, பேனாவோட வர்ற ரப்பர் குமிழை வெச்சுத் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் பீச்சுங்க. கூடவே ஒரு மெல்லிசு பிலிம் தகடு இருக்கும், அதை ரெண்டு தகட்டுக்கும் நடுவில விட்டு இழுத்தா நார், தூசி எல்லாம் வந்துடும்.

இனி தாள், நிப். நீங்க சொன்னதுல பாதி இங்கதான் இருக்கு.

மை பரவுறதுக்குத் தாளோட கனம் காரணம் இல்ல. 80 ஜி.எஸ்.எம். ரோடியா தாள்ல மை கத்தி மாதிரி நிக்கும், 200 ஜி.எஸ்.எம். சார்ட் தாள்ல பரவிடும். தாள் செய்யும்போது நாருக்குப் பசை ஏத்துவாங்க, சைஸிங்னு பேரு. அது குறைஞ்சா நார் மையை உறிஞ்சி, நார் போற வழியெல்லாம் மையும் போகும். அதனால தாள் வாங்கும்போது ஜி.எஸ்.எம். பார்க்கிறதை விட ஒரு சோதனை போடுங்க: ஓரத்துல ஒரு தடிச்ச கோடு இழுங்க, பத்து விநாடி விடுங்க, லென்ஸ் இருந்தா லென்ஸ்ல பாருங்க. ஓரம் நேரா இருக்கா? அப்புறம் திருப்பிப் பின்னாடி பாருங்க. பின்னாடி நிழலாத் தெரிஞ்சா பரவாயில்ல. புள்ளி புள்ளியா மை ஊடுருவி வந்திருந்தா அந்தத் தாள் வேண்டாம்.

பிரிண்டர் தாள்ல வேலை செய்யணும்னா, லேசர் பிரிண்டருக்குன்னு வர்ற வழவழப்பான 100 முதல் 120 ஜி.எஸ்.எம். தாளை முதல்ல சோதிச்சுப் பாருங்க. கைவசம் இருக்கிற தாள்லயே எழுதியாகணும்னா மையை மாத்துங்க. ஒரு மூடி மைக்கு ரெண்டு மூணு சொட்டு கம் அரபிக் (ஒரு மரப்பிசின் கரைசல்) கலந்தா மை கொஞ்சம் கெட்டிப்படும், பரவுறது குறையும். இது தொட்டு எழுதுற நிப்புக்கு மட்டும், பேரலலுக்குள்ள கம் அரபிக் போகக் கூடாது. அளவு மீறினா மை நிப்பை விட்டே இறங்காது, காஞ்ச பிறகு பளபளன்னு விரிசலும் விடும்.

இன்னொரு வழி குவாஷ், அதாவது ஒளி ஊடுருவாத தண்ணி வர்ணம். டியூப்ல இருந்து பயறு அளவு பிதுக்கி, சொட்டுச் சொட்டாத் தண்ணி விட்டுக் கலக்கி, காய்ச்சாத பால் பதத்துக்குக் கொண்டு வாங்க. பிரஷ்ஷால எடுத்து நிப்போட அடியில தடவணும். மோசமான தாள்லயும் அனேகமா ஓரம் சுத்தமா வரும், ஏன்னா அது நாருக்குள்ள இறங்காம மேலேயே உக்காரும். ஆனா தண்ணி பட்டா கரைஞ்சிடும், அதை மறந்துடாதீங்க.

புது நிப்ல மை உருள்றதுக்குக் காரணம் எண்ணெய். துருப்பிடிக்காம இருக்க ஃபேக்டரியில பூசி அனுப்புறாங்க. ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால ரெண்டு பக்கமும் துடைங்க. இல்ல, பழைய டூத் பிரஷ்ல கொஞ்சம் பேஸ்ட் வெச்சுத் தேய்ச்சு, கழுவி, உடனே துணியால ஒத்தி எடுங்க. நெருப்புல காட்டுறதைச் சிலர் சொல்வாங்க. ரெண்டு விநாடி கூடிப் போச்சுன்னா எஃகோட விறைப்பு போயிடும், நிக்கோ ஜி மாதிரி நிப்போட உயிரே அந்த விறைப்புதான். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எண்ணெய் போயிடுச்சான்னு தெரிஞ்சுக்கத் தண்ணியில முக்கிப் பாருங்க. தண்ணி படலமா ஒட்டி நின்னா சரி, முத்து முத்தா உருண்டா இன்னொரு தடவை துடைங்க.

பொத்துனு கொட்டுறது ரொம்ப ஆழமா முக்குறதால. நிப் நடுவில ஓட்டை இருக்கு பாருங்க, மை அந்த ஓட்டையைத் தாண்டினாப் போதும், பிடி வரைக்கும் போகக் கூடாது. முக்கி எடுத்ததும் புட்டி விளிம்புல நிப்போட முதுகை ஒரு தடவை தொட்டு எடுங்க. முதல் கோடு எப்பவும் ஓரத்துல கிடக்கிற கழிவுத் தாள்ல.

தடிச்ச கோடு ரெண்டாப் பிரியுறதுக்கு மூணு காரணம் இருக்கலாம். மை தீர்ந்து போச்சு, இல்ல மை கெட்டியாயிடுச்சு, இல்ல அழுத்தமும் வேகமும் ஜாஸ்தி. நிப்போட ரெண்டு கால் விரியும்போது நடுவில மை ஒரு படலமா நிக்கணும். அந்தப் படலம் அறுந்தா வெள்ளை விழும். திரும்ப முக்கின உடனே சரியாச்சுன்னா மை தீர்ந்ததுதான் காரணம். முக்கியும் பிரிஞ்சா ஒரு சொட்டு காய்ச்சி வடிச்ச தண்ணி விடுங்க, இந்தியன் இங்க் திறந்த புட்டியில சீக்கிரம் கெட்டிப்படும். அதுக்கும் கேக்கலன்னா மெதுவா இழுங்க.

எழுதும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா நிப்பை ஈரத்துணியில துடைச்சிட்டே இருங்க. வேலை முடிஞ்சதும் பிடியோட சேர்த்து ஊற வைக்காதீங்க, பிடியில இருக்கிற தகடு துருப்பிடிக்கும். நிப் எப்படியும் செலவாகுற சாமான். மெல்லிசுக் கோடு தடிக்க ஆரம்பிச்சா, மேலே இழுக்கும்போது தாளைக் கிழிச்சா, நேரம் வந்தாச்சுன்னு தூக்கிப் போட்டுடுங்க.

பிரஷ் பேனா பத்திக் கேக்கல, ஆனாலும் சொல்றேன். சொரசொரப்பான தாள்ல ஃபுடெனோசுகே முனை பிஞ்சுடும், பிஞ்ச முனையில மெல்லிசு வராது. நோட்டுல அதை ஓட்டாதீங்க.

நிப்பகலம்:

கோந்துப்புட்டி சொன்னதோடு சேர்த்து, எழுத்து அடைபடுவதற்கு வருகிறேன். இதில் கைக்குக் குற்றமே இல்லை, கணக்கில்தான் இடிக்கிறது.

3.8 மி.மீ. நிப்பை 8 மி.மீ. கோட்டுக்குள் ஓட்டுகிறீர்கள். எழுத்தின் உயரம் இரண்டு நிப் அகலத்தைத் தாண்டினால் பெரிது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டாலே இடம் தீர்ந்துவிடும், சுழிக்கு உள்வெளி எங்கே மிஞ்சும்? ட, ப தப்பித்தது அவற்றின் வயிறு திறந்து கிடப்பதால்.

பட்டை நிப்பில் உயரத்தை மில்லிமீட்டரில் யோசிக்காதீர்கள், நிப் அகலத்தில் யோசியுங்கள். நிப்பின் விளிம்பு செங்குத்தாக நிற்கும்படி பிடித்து, பக்கவாட்டில் சின்னதாக ஒரு இழுப்பு. ஒரு சதுரம் விழும். அதன் மேல் மூலையைத் தொட்டபடி அடுத்த சதுரம், அதற்கு மேல் இன்னொன்று, படிக்கட்டுப் போல ஏற்றிக்கொண்டே போங்கள். எத்தனை படியோ அத்தனை நிப் அகலம். பிரிட்டிஷ் காலிகிராஃபர் எட்வர்ட் ஜான்ஸ்டன் வகுத்த ஃபவுண்டேஷனல் எழுத்துக்கு உடல் உயரம் 4 படி, இட்டாலிக்குக்கு 5. தமிழுக்கு இப்படி வழிவழியாக வந்த கணக்கு எதுவும் கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறியபோது கோடு முழுக்க ஒரே தடிமன்தான். தடிப்பும் மெலிவும் எங்கே விழ வேண்டும் என்பதை நாமேதான் முடிவுசெய்ய வேண்டும். என் கணக்கு, பழகும்போது 7 படி, கை படிந்த பிறகு 6. ஐந்துக்குக் கீழே போனால் ண, ஐ, ஞ மூன்றும் படுத்துவிடும்.

ஆக 3.8 பேனாவுக்கு எழுத்தின் உடல் மட்டும் 6 × 3.8, ஏறக்குறைய 23 மி.மீ. வேண்டும். ஏ4 தாளில் நான்கு ஐந்து வரிக்கு மேல் வராது. தலைப்பு எழுத அது சரி. பழக்கத்துக்கு 1.5 அல்லது 2.4 பேனாவை எடுங்கள். 1.5 என்றால் உடல் 9 மி.மீ. அதற்கு மேலே இகர ஈகாரக் கொம்புக்கும் புள்ளிக்கும் 5, கீழே உகர ஊகாரத்துக்கும் ழ-வின் காலுக்கும் 6, அடுத்த வரிக்கு முன் 2 மி.மீ. மூச்சு. அடிக்கோட்டிலிருந்து அடுத்த அடிக்கோடு வரை 22 மி.மீ. இந்த அளவில் கோடு போட்ட தாள் ஒன்று தயார்செய்து அடியில் வைத்துக்கொண்டால், மேலே இருக்கும் தாளில் பென்சில் கோடே வேண்டாம்.

ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் கட்டாயம் இடிக்கும். மேல் வரியில் மூ, கீழ் வரியில் கீ வந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

அடுத்தது தடிமன் மாறுவது. அது நிப் கோணம். நிப்பின் விளிம்பு அடிக்கோட்டோடு 30 டிகிரியில் நின்றால், 3.8 பேனாவில் நெடுக்குக்கோடு 3.3 மி.மீ., குறுக்குக்கோடு 1.9 மி.மீ. வரும். அதே பேனா 45 டிகிரிக்குத் திரும்பினால் இரண்டும் 2.7. பேனாவை விரலுக்குள் உருட்டுகிறீர்கள், அதனால் ஒரு எழுத்தில் 30, அடுத்ததில் 40 என்று ஓடுகிறது. ஒரு கூட்டல் குறி போட்டுப் பார்த்தால் உடனே தெரியும். நெடுக்கு தடித்துக் குறுக்கு மெலிந்தால் 30 பக்கம், இரண்டும் சமமானால் 45, குறுக்கு தடித்தால் அதையும் தாண்டிவிட்டீர்கள். வரிக்கு ஒன்று என்று இடது ஓரத்தில் 30 டிகிரிக்கு ஒரு சாய்கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு வரி தொடங்கும்போதும் நிப்பை அதன்மேல் பொருத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். வளைவில் மணிக்கட்டு திரும்பக் கூடாது, தோளிலிருந்து கை முழுதாக நகரட்டும்.

கோட்டின் ஒரு ஓரம் மட்டும் கிழிந்தாற்போல் இருந்தால் அது கோணம் அல்ல. நிப்பின் ஒரு மூலை தாளை விட்டு எழும்பியிருக்கிறது.

பட்டை நிப்பை இழுக்கலாம், மேல்நோக்கித் தள்ளக் கூடாது. பால்பாயிண்டில் எழுதும் ஓட்டத்திலேயே தமிழை எழுதினால் பாதி வழி தள்ளுவதாகத்தான் இருக்கும். தாளில் குத்தும், மை தெறிக்கும். எழுத்தைத் துண்டு போடுங்கள். ம-வை எடுத்துக்கொள்வோம். முதல் இழுப்பு, இடது கால் கீழே இறங்கி அப்படியே அடிக்கோட்டில் வலப்பக்கம் ஓடும். இரண்டாவது, நடுவில் நிற்கும் உள்கால், மேலிருந்து கீழே அடிக்கோட்டைத் தொடும். மூன்றாவது, அந்த உள்காலின் உச்சியில் நிப்பை வைத்து வலப்பக்கம் வளைத்து அடிக்கோடு வரை இறக்குவது. பேனா மூன்று முறை எழும்புகிறது, ஒரு இடத்தில்கூட மேலே தள்ளவில்லை. இணையும் இடத்தில் ஈரம் இருக்கும்போதே அடுத்த இழுப்பைத் தொட்டுவிடுங்கள், ஒட்டு தெரியாது.

நெட்டெழுத்து:

நிப்பகலம் சொன்ன 30 டிகிரி பெரிய நிப்புக்குச் சரி. 1.5-க்கு எனக்கு உடன்பாடு இல்லை. 1.5-ல 30 டிகிரி வெச்சா குறுக்குக்கோடு 0.75 மி.மீ. ட, ப, ம, ய நாலுக்கும் அடித்தளமே அந்தக் குறுக்குக்கோடுதான். க, த, ச-வுக்கு மேல்கோடு. அது நூலாப் போனா சொல் முழுக்கக் காலு காலா வேலி மாதிரி நிக்கும், வரி ஒட்டாது. 2 மி.மீ.க்குக் கீழே 40 டிகிரி வைங்க. நெடுக்கு 1.15, குறுக்கு 0.96. தடிப்பு மெலிவு கொஞ்சம் குறையும், ஆனா வாசிக்க வரும்.

நிப்பகலம்:

பத்தியாக எழுதும்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரே சொல்லை அலங்காரமாக எழுத 30 தான் என் கட்சி. மைதொட்டி இரண்டிலும் எழுதிப் பார்த்து முடிவுசெய்யட்டும். ஒரே பக்கத்தில் மட்டும் இரண்டையும் கலக்க வேண்டாம்.

மைதொட்டி:

எல்லாருக்கும் நன்றி. 1.5 பேனா எடுத்து, 9 மி.மீ. உடல், 22 மி.மீ. வரின்னு கோடு போட்டு, 40 டிகிரியில எழுதினேன். அடைப்பு போயிடுச்சு. நிப்பை ஸ்பிரிட்ல துடைச்சதும் மை ஒழுங்கா ஒட்டுது. இந்தியன் இங்க் பேரலலுக்குள்ள போகல, நல்ல வேளை.

இப்ப மிச்சம் இருக்கிறது: மூணு சுழி ண-வில் சுழிகள் ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னது. புள்ளி சில இடத்துல பொட்டு, சில இடத்துல கீறல். எழுத்துக்கு நடுவில ஒரே இடைவெளி விட்டாலும் "படம்" மாதிரி சொல்லில் ட-வுக்கு அப்புறம் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. எந்த வரிசையில பழகணும்னும் சொல்லுங்க, அ ஆ இ ஈ-ன்னு போய்ட்டு இருக்கேன்.

நிப்பகலம்:

அ ஆ இ ஈ வரிசையை விடுங்கள். அது மனப்பாடத்துக்கு ஆன வரிசை. கைக்கு வேண்டியது வடிவக் குடும்பம். ட, ப, ம, ய ஒரு குடும்பம், காலும் அடிக்கோடும் மட்டும். இவை நேராக நிற்கும்வரை சுழிப் பக்கம் போக வேண்டாம். அடுத்து வ, ல, ன, ண, அதாவது சுழி எழுத்துகள். பிறகு க, ச, த, மேல்கோட்டுக்காரர்கள். அதன்பின் ர, ற, ழ, ள, ந, ஞ. உயிரெழுத்துகள் கடைசி. இ, ஐ, ஓ எல்லாம் மேலே பழகிய துண்டுகளின் கூட்டுத்தான். ஒரு அமர்வு 20, 30 நிமிடம் போதும், அதற்கு மேல் கை இறுகிக் கோணம் ஓடிவிடும். முதல் சில நிமிடம் வெறும் நெடுக்குக்கோடும் அரைவட்டமும். பக்கத்தை நிரப்புவது பழக்கம் ஆகாது. ஒரு வரி எழுதுங்கள், நிறுத்துங்கள், அதில் ஆகச் சிறந்த ஒரு எழுத்தை வட்டமிட்டு, மற்றவை ஏன் அது மாதிரி இல்லை என்று பாருங்கள். உயரமா, கோணமா, உள்வெளியா? அடுத்த வரியில் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள்.

சுழிக்கு வருகிறேன். சுழியை ஒரே சுற்றில் சுற்றுகிறீர்கள், அதனால்தான் அளவு ஓடுகிறது. இரண்டு அரைவட்டமாகப் பிரியுங்கள். கடிகார முகம் ஒன்றை நினைத்துக்கொண்டால், 11 மணி இடத்தில் தொடங்கி இடப்பக்கமாக 5 மணி வரை ஒரு இழுப்பு. திரும்ப 11-க்கு வந்து வலப்பக்கமாக 5 வரை மற்றொன்று. 30 டிகிரியில் மெலிவு விழும் இடங்கள் இந்த இரண்டும்தான், ஒட்டும் அங்கேயே மறைந்துவிடும். 40-ல் எழுதினால் ஒட்டு 10 மணிப் பக்கம் கொஞ்சம் நகரும். சுழியின் உள்வெள்ளை குறைந்தது ஒரு நிப் அகலம் இருக்க வேண்டும். ண-வில் மூன்று வெள்ளையும் ஒரே அளவா என்று தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்தாகத் தெரியாமல் வடிவமாகத் தெரியும்போது எது பெரிது எது சிறிது என்பது சட்டென்று கண்ணில் படும். ண-வை ப-வின் அகலத்துக்குள் அமுக்கப் பார்ப்பதும் இந்தக் கோளாறில் பாதி. ண தாராளமாக ப-வைப் போல இரண்டு மடங்கு அகலம் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும்.

புள்ளிக்கு நிப்பை அப்படியே வைத்து எடுத்தால் கீறல்தான் விழும். நிப்பின் விளிம்புக்குச் செங்குத்தாக, வலப்பக்கம் கீழ்நோக்கி, ஒரு நிப் அகலத் தூரம் இழுங்கள். மூலையில் நிற்கும் ஒரு சதுரம் கிடைக்கும். எழுத்தின் தலையிலிருந்து ஒரு நிப் அகலம் மேலே, எழுத்தின் நடுவில். வட்டப் புள்ளிதான் பிடிக்கும் என்றால் பாதி அளவு நிப்பில் தனியாக வையுங்கள். பெரிய நிப்பில் வளையம் போட்டால் குழி அடைந்துவிடும். எழுத்து எழுத்தாக வைத்துக்கொண்டு போகாமல், வரி முடிந்ததும் எல்லாப் புள்ளியையும் ஒரே மூச்சில் வையுங்கள், உயரம் ஒன்றாக வரும்.

அப்புறம் "படம்". தூரத்தை அளக்கிறீர்கள், பரப்பை அளக்க வேண்டும். ட-வின் வலப்பக்கம் மேலே முழுக்க வெறும் வெளி. அந்த வெளியும் இடைவெளிக் கணக்கில் சேரும். ப-வுக்கும் ட-வுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு கால்கள் நிற்பதால் அங்கே ஒன்றரை நிப் அகலம் விட்டால், ட-வுக்கும் ம்-முக்கும் நடுவே அரை நிப் அகலம் போதும். ட-வின் அடிக்கோட்டையே கொஞ்சம் குறுக்கிவிடவும் செய்யலாம், நான் அதைத்தான் விரும்புவேன். கால் எழுத்து இரண்டு அடுத்தடுத்து வரும்போது அதிகம், திறந்த எழுத்து வரும்போது குறைவு, இவ்வளவுதான். துணைக்கால் தனக்கு முன் நிற்கும் மெய்யோடு நெருங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எழுத்துக்குச் சொந்தம் போல ஆகிவிடும். கொ, கோ எழுதும்போது கொம்புக்கும் இதே விதி.

நெட்டெழுத்து:

பிரஷ் பேனாவுக்கு இந்தக் கோணக் கணக்கு எதுவும் செல்லாது. அங்க அழுத்தம்தான். கீழே இறங்கும்போது அழுத்தணும், மேலே ஏறும்போது விடணும், குறுக்குக்கோடு எப்பவும் மெல்லிசு. பேனாவைச் செங்குத்தாப் பிடிச்சா தடிப்பே வராது, முனையோட பக்கவாட்டு தாள்ல படுற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க.

வெளிச்சப்பெட்டி:

படம் எடுக்கிற கேள்வியை எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க, நான் எடுத்துக்கிறேன்.

தாள் சாம்பலா வர்றதுக்கு போன் காரணம், ஆனா கோளாறு இல்ல. கேமராவுக்கு எதிர்ல இருக்கிறது வெள்ளைன்னு தெரியாது, மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டு வரப் பார்க்கும். பக்கம் முழுக்க வெள்ளைத் தாள்னா இருட்டாக்கிடும். திரையில தாளைத் தொட்டு ஃபோகஸ் பூட்டிட்டு, எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏத்துங்க. கருப்புத் தாள்ல வெள்ளை மைன்னா நேர் எதிர், -0.7 முதல் -1.

மேலே குறுகறது போனைச் சாய்ச்சுப் பிடிக்கிறதால. தாள் தரையில கிடந்தா போனும் தரைக்கு இணையா இருக்கணும். போன்ல கிரிட் போட்டு, தாளோட நாலு ஓரத்தையும் அதோட ஒப்பிடுங்க. கிட்டத்துல போய் எடுக்காம கொஞ்சம் தள்ளி நின்னு 2 மடங்கு லென்ஸ்ல எடுத்தா ஓரம் வளையாது. வெளிச்சம் ஜன்னல் பக்கத்துல இருந்து, நேர் வெயில் இல்லாம. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினா நிழல் மெலியும். அறை விளக்கை அணைச்சிடுங்க, ரெண்டு நிற வெளிச்சம் கலந்தா தாள் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம்.

கருப்பு மை மட்டும்னா ஸ்கேனர் எவ்வளவோ மேல். திரையில பகிர 300 டி.பி.ஐ., அச்சுக்கு 600. அப்புறம் படம் திருத்துற செயலியில லெவல்ஸ்ல வெள்ளை முனையை உள்ளே தள்ளினா தாள் வெளுக்கும். ரொம்பத் தள்ளினா மெல்லிசுக் கோடெல்லாம் அறுந்து போகும், அதனால மெல்லிசான ஒரு கோட்டைப் பெரிசாக்கி வெச்சுக்கிட்டே நகர்த்துங்க. தங்க, வெள்ளி மையை மட்டும் ஸ்கேன் பண்ணாதீங்க. தங்கம் பழுப்புச் சேறு மாதிரி வரும். அதுக்குக் கேமராதான், வெளிச்சம் பக்கவாட்டுல சரிஞ்சு விழணும்.

எழுதுறதை வீடியோ எடுத்தா எல்.இ.டி. விளக்குல பட்டை பட்டையா ஓடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்துல ஷட்டரை 1/50 இல்ல 1/100, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்ல 1/120-ல வைங்க. விளக்கு எழுதுற கைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், இல்லன்னா நிப் எங்க இருக்குன்னு நிழல்ல தெரியாது.

படம் எடுக்கிறதுக்கு முன்னாடி பென்சில் கோட்டை அழிக்கணும்னா மை நல்லாக் காஞ்சுதான் ஆகணும். தொட்டா ஒட்டலங்கிறது போதாது, தடிச்ச இடத்துல மை உள்ளே ஈரமா இருக்கும். ஒரு ராத்திரி விடுங்க. மெத்துனு இருக்கிற வெள்ளை ரப்பரால ஒரே திசையில அழிங்க. குவாஷ்னா எழுத்து மேல ரப்பர் படவே கூடாது, கருப்பு வெளுத்துடும். கோடு போடும்போதே 2எச் பென்சில்ல, அழுத்தாம போட்டா இந்தத் தொல்லை குறைவு.

பகிரும்போது திருத்தம் கேக்கிறதா இருந்தா கோட்டை அழிக்காமலே போடுங்க. நிப் அகலம், உடல் உயரம், கோணம், மை, தாள் அஞ்சையும் எழுதுங்க. "எப்படி இருக்கு"ன்னு கேட்டா "அருமை"ன்னு பதில் வரும், அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. "ட-ம் இடைவெளி சரியா?"ன்னு கேட்டா விஷயம் தெரிஞ்சவங்க வாயைத் திறப்பாங்க. இன்னொருத்தரோட மாதிரியைப் பார்த்து எழுதினா அவங்க பேரைப் போட்டுடுங்க. சினிமாப் பாட்டு வரிக்கு உரிமை உள்ளவங்க இருப்பாங்க, விக்கிற சாமான்ல அதைப் போடக் கூடாது. குறள், சங்கப் பாட்டு எதையும் தைரியமா எழுதலாம், ஆனா பாடத்தை ஒரு நல்ல பதிப்போட ஒத்துப் பாருங்க. கை அழகா இருந்து, ஒற்று ஒண்ணு விட்டுப் போயிருந்தா எல்லார் கண்ணும் அங்கதான் போகும். முதல்ல சாதாரணப் பேனாவால ஒரு வரைவு எழுதி, புள்ளிகளை எண்ணி வெச்சுக்கிட்டு, அப்புறம் நல்ல தாளைத் தொடுங்க.

இடதுகைக்காரி:

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். இடது கையால எழுதுறவங்களுக்கு இந்த 30, 40 டிகிரி வருமா? எழுதின ஈரத்து மேலேயே கை போகுது.

நிப்பகலம்:

வரும். கை வரிக்குக் கீழே இருக்கும்படி எழுதுபவர் என்றால் தாளை வலப்பக்கம், அதாவது கடிகாரச் சுற்றில், 30 முதல் 45 டிகிரி வரை திருப்பி, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோணம் தானாக அருகில் வந்துவிடும், கையும் ஈரத்துக்குக் கீழேதான் போகும். அப்படியும் எட்டவில்லை என்றால், தொட்டு எழுதும் பட்டை நிப்பில் இடதுகைக்கென்று விளிம்பைச் சாய்த்து வெட்டியவை கிடைக்கின்றன. வரிக்கு மேலே கையை வளைத்து எழுதுபவர் என்றால் ஈரம் தவிர்க்க முடியாது. சீக்கிரம் காயும் மை, கைக்குக் கீழே ஒரு மெழுகுத்தாள், அவ்வளவுதான் வழி. மெழுகுத்தாளை நகர்த்தும்போது இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும்.

வலது கைக்காரர்களும் கைக்குக் கீழே ஒரு தாள் வைத்துக்கொள்வது நல்லது. தோலின் எண்ணெய் தாளில் ஏறினால் அந்த இடத்தில் மட்டும் கோடு விட்டு விட்டு வரும். பக்கத்தின் கீழ்ப்பாதியில் பேனா தகராறு செய்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

இடதுகைக்காரி:

நான் கீழே இருந்து எழுதுற ஆள்தான். தாளைத் திருப்பினதும் கூட்டல் குறி ஏறக்குறைய சமமா வருது, அப்ப 45 கிட்ட இருக்கேன்னு நினைக்கிறேன்.

நெட்டெழுத்து:

அப்ப 1.5 நிப்புக்கு அப்படியே விட்டுடுங்க. 3.8 எடுக்கும்போது தாளைத் திருப்பினதைக் கொஞ்சம் குறைச்சு, திரும்பக் கூட்டல் போட்டு, குறுக்குக்கோடு மெலியுதான்னு பாருங்க.